வெடிச் சத்தமும் நாயின் பயமும்: ஆடியில் ஆரம்பித்தால்தான் ஐப்பசிக்கு ஆகும்

கேள்வி (திருப்பூரிலிருந்து), 4 ஆகஸ்ட் 2025

எங்கள் வீட்டு லேப்ரடார் ராக்கிக்கு மூன்று வயது. போன தீபாவளிக்கு எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா கொளுத்தியதும் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டான். மறுநாள் மதியம்தான் பல்லடம் ரோட்டில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம். அதிலிருந்து தெருவில் புல்லட் போனாலும் நடுங்குகிறான். குக்கர் விசிலுக்குக்கூட எழுந்து போகிறான். நேற்று ஆடிப்பெருக்கு, பக்கத்துக் கோயிலில் வேட்டு போட்டார்கள். பாத்ரூமுக்குள் போனவன் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. நானும் உள்ளே போய் அவனைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். அப்பா திட்டுகிறார்: "நீ கொஞ்சக் கொஞ்சத்தான் அது பயப்படுது, கண்டுக்காம விட்டா தானா சரியாயிடும்." பக்கத்து வீட்டு அண்ணன், வெடி போடும் இடத்துக்கே கூட்டிப் போய் நிறுத்தினால் பழகிவிடும் என்கிறார். எது சரி, அக்கா? தீபாவளி அக்டோபர் 20. இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

4 ஆகஸ்ட், இரவு

தம்பி, நீங்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்தது சரிதான். நாளைக்கும் வேட்டு போட்டால் நாளைக்கும் போய் உட்காருங்கள்.

இந்த "கொஞ்சினால் பயம் கூடும்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் இருக்கிறது. உட்கார் என்றதும் உட்கார்ந்தால் பிஸ்கட் கொடுக்கிறோம், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் உட்காருகிறது. அது நாய் தானாகச் செய்யும் காரியம், அதனால் பரிசுக்கு ஏற்ப கூடும், குறையும். பயம் அப்படிப்பட்டதல்ல. நெஞ்சு படபடப்பதையும் கால் நடுங்குவதையும் எந்த நாயும் பிஸ்கட்டுக்காகச் செய்வதில்லை. ஊசி போடும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டதால் எந்தப் பிள்ளைக்கும் ஊசிப் பயம் கூடியதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அவன் உங்களைத் தேடி வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒளிய வேண்டும் என்று போனால் விட்டுவிடுங்கள், இழுத்து வெளியே கொண்டுவர வேண்டாம். நீங்களும் பதறிப்போய் "ஐயோ ஐயோ" என்று ஓடாமல், எப்போதும் பேசும் குரலில் பேசிக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

வெடி போடும் இடத்துக்குக் கூட்டிப் போவது வேண்டவே வேண்டாம். அந்த அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். சில நாய்கள் அப்படி நிறுத்தினால் அசையாமல் நிற்கும், பார்ப்பவர்கள் "பழகிடுச்சு பாரு" என்பார்கள். பழகவில்லை. தப்பிக்க வழியே இல்லை என்று உறைந்து நிற்கிறது. வால் எங்கே இருக்கிறது, காது எப்படி இருக்கிறது, கண்ணின் வெள்ளை தெரிகிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். அப்படி நிறுத்தப்பட்ட நாய் அடுத்த முறை அந்தத் தெருவுக்கே வராது, சில நேரம் கூட்டிப் போன ஆளிடமும் வராது.

இப்போதே ஆரம்பிக்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது மட்டும்தான் ஆரம்பிக்க முடியும். ஐப்பசியில் வந்து கேட்பவர்களுக்கு அறையும் மருந்தும் தவிர சொல்ல எதுவும் இருப்பதில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

5 ஆகஸ்ட்

காலையில் முதலில் சொல்ல வேண்டியது இது. பயிற்சி, தீனி எல்லாவற்றுக்கும் முன்னால் ராக்கியை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு, முழங்கால், காது மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தத்துக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தாரும் பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சத்தத்துக்குப் பயப்படும் நாய்களில், எலும்பு தசை வலி இருந்தவற்றுக்கு அந்தப் பயம் மற்ற நாய்களைவிட ஏறத்தாழ நான்கு வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. திடீரென்று சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது உடம்பு முழுக்க இறுகும், வலிக்கிற இடம் இன்னும் வலிக்கும். சத்தம் வந்தால் வலி வரும் என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சாதாரணமாக வருவது. ராக்கிக்கு மூன்று வயதுதான், கேட்டையே தாண்டியவன், வலி இல்லாமல்கூட இருக்கலாம். ஆனாலும் பார்த்துவிடுங்கள். ஏழெட்டு வயது வரை எதற்கும் பயப்படாத நாய் திடீரென்று இடிக்கு நடுங்க ஆரம்பித்தால் யாராக இருந்தாலும் முதலில் வலியைச் சந்தேகியுங்கள்.

9 ஆகஸ்ட்

இப்போது ஈரல் சமாச்சாரம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். எங்கள் சீனிக்குக் கை கொடுத்தது இதுதான்.

சீனி மதுரை தெப்பக்குளம் பக்கம் தெருவில் கிடைத்த நாட்டு நாய். எங்கள் தெரு வழியாகத்தான் சாவு ஊர்வலங்கள் போகும். வழி நெடுக வெடி போட்டுக்கொண்டே போவார்கள். தீபாவளியாவது காலண்டரில் இருக்கிறது, சாவு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பறைச் சத்தம் தூரத்தில் கேட்டாலே சீனி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலையைத் திணித்துக்கொண்டு நிற்பாள்.

செய்முறை எளிது. கோழி ஈரலை வெறும் தண்ணீரில் வேக வையுங்கள். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆறியதும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் எந்தச் சத்தம் வந்தாலும், கரண்டி விழுந்தாலும், பக்கத்து வீட்டில் ஆணி அடித்தாலும், தெருவில் டிராக்டர் போனாலும், சத்தம் கேட்ட உடனே ஒரு துண்டு. அது உட்கார வேண்டாம், கை கொடுக்க வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம். பயந்து போய் நின்றாலும் துண்டு உண்டு. சத்தம் வந்தால் ஈரல் வரும் என்ற ஒரே ஒரு செய்திதான் அதற்குப் போய்ச் சேர வேண்டும்.

வரிசை முக்கியம். சத்தம் முதலில், ஈரல் அடுத்து. மணி அடித்த பிறகு தீனி என்று ரஷ்யாவில் பாவ்லோவ் நாய்களிடம் பார்த்த விஷயம்தான் இது.

சின்னச் சத்தத்தில் ஆரம்பியுங்கள். நாய் கவனிக்க வேண்டும், பயப்படக் கூடாது, அவ்வளவு சின்ன சத்தம். சீனியிடம் அதை நான் கண்டுபிடிப்பது அவள் வாயைப் பார்த்து. லேசாக வாய் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருப்பாள். சத்தம் காதில் பட்டதும் இடது காது மட்டும் திரும்பும், வாய் மூடும். அந்த நொடியில் ஈரல் மூக்கு நுனிக்குப் போய்விட வேண்டும். எழுந்து நின்று வாலை இடுக்கிக்கொண்டால் சத்தம் அவளுக்கு அதிகம் என்று அர்த்தம். தின்ன மறுத்தால் ரொம்ப அதிகம். அப்போது சத்தத்திலிருந்து தள்ளிப் போங்கள், அடுத்த அறை, பின்கட்டு, எங்கே தின்கிறதோ அங்கே.

ராக்கிக்குக் குக்கர் விசில்தான் சரியான பள்ளிக்கூடம். எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும், எத்தனை விசில் என்றும் தெரியும். அவனைக் கூடத்தில் தள்ளி உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பருப்பு வேகிற நேரம் அவனுக்குப் பாடம் நடக்கட்டும்.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியதோடு ஒட்டிப் படிக்க வேண்டியது: ஈரல் டப்பா.

எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திறக்கும் "டக்" சத்தம் நாய்க்கு நன்றாகத் தெரியும். சாவு ஊர்வலம் வருகிறது என்று தெரிந்ததும் நாம் போய் டப்பாவைத் திறப்போம், அடுத்த நிமிடம் வெடி. இப்படி நாலு முறை நடந்தால், மூடி திறந்தால் வெடி வரும் என்று நாய் படித்துக்கொள்ளும். பிறகு டப்பா சத்தத்துக்கே ஓடி ஒளியும், ஈரலையும் சந்தேகமாகப் பார்க்கும். அதனால் காலையிலேயே துண்டுகளை ஒரு சின்ன கவரில் போட்டு இடுப்பிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வெடி வரும் வரை கை அந்தப் பக்கமே போகக் கூடாது.

சட்டைப் பையில் ஈரலா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

12 ஆகஸ்ட்

ஈரலில் ஒரு திருத்தம். ஓசூரிலிருந்து ஒருவர் சரியாகவே கேட்டிருக்கிறார்: தினமும் ஈரலா? வைட்டமின் ஏ அதிகமாகாதா? ஆகும். வாரத்தில் ஓரிரு நாள் ஈரல், மற்ற நாளில் அவித்த கோழிக்கறி, அவித்த முட்டை, பனீர் என்று மாற்றிக் கொடுங்கள். ராக்கி லேப்ரடார், காற்றைக் குடித்தாலும் எடை போடும் ஜாதி. துண்டுகளாகக் கொடுத்ததை ராத்திரிச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். சைவ வீட்டார் பனீரை வைத்தே முழுக்கச் செய்யலாம், நாய் ஆட்சேபிக்காது.

17 ஆகஸ்ட்

செல்போனில் வெடிச் சத்தம் போட்டுப் பழக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போடலாம். ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

ஒலியை ஆகக் குறைவாக வைத்து, சாப்பிடும்போதும் விளையாடும்போதும் ஓட விட்டு, நாள்பட நாள்பட ஏற்றிக்கொண்டே போவார்கள். நல்ல முறைதான். சிக்கல் என்னவென்றால் செல்போன் ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வராது. அணுகுண்டு வெடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், தரை அதிரும், நெஞ்சில் இடிக்கும். செல்போனில் கேட்பது அதன் மேல் தோல் மட்டும். பெரிய ஸ்பீக்கரில் போட்டால் கொஞ்சம் நெருங்கி வரும். அப்போதும் பல நாய்கள் "இது பெட்டிச் சத்தம்" என்று கண்டுபிடித்துவிடும், பெட்டிக்குப் பழகி நிஜத்துக்கு நடுங்கும். இடியோ இன்னும் மோசம். மின்னல், காற்று, மண் வாசனை என்று எல்லாம் சேர்ந்து வருவது இடி, அதை எந்த ஒலிப்பதிவும் கொண்டுவராது.

சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாண வேடிக்கைக்குப் பயப்படும் நாய்களுக்கு எது பலன் தந்தது என்று 1,225 பேரிடம் கேட்டிருந்தார். சத்தம் வந்த உடனே தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பலன் இருந்தது என்றார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தும், உடம்பைத் தளர்த்திப் படுக்கப் பழக்கும் பயிற்சியும் ஏறத்தாழ அதே அளவு. ஒலிப்பதிவு 55 சதவீதம். உடம்போடு இறுக்கிக் கட்டும் துணிச்சட்டை 44. மூலிகை, வாசனை வகையறாக்கள் மூன்றில் ஒன்று அளவுதான். வளர்ப்பவர்கள் தாங்களே சொன்னது, ஆய்வுக்கூடத்தில் அளந்ததில்லை, அதையும் மனதில் வையுங்கள். ஆனால் கடைக்காரர் உங்களிடம் முதலில் விற்க வருவது எது, ஈரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

ஓர் ஆறுதலும் சொல்கிறேன். ராக்கி மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பின்லாந்தில் 13,700-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு 2020-இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. பதற்றக் குணங்களில் முதலிடம் சத்த பயத்துக்குத்தான், 32 சதவீதம். அமைதியான ஊர் அது.

28 ஆகஸ்ட்

நேற்று விநாயகர் சதுர்த்தி. குழாய் ஸ்பீக்கர் காலை முதல் ராத்திரி வரை. சீனிக்குப் பாட்டு பிரச்சினையே இல்லை, எவ்வளவு சத்தமாகப் போட்டாலும் தூங்குவாள். விட்டு விட்டு வருவதும், எப்போது வரும் என்று தெரியாததும்தான் நாயை உலுக்குகிறது. ஒரே சீராக ஓடும் சத்தம் அவ்வளவு செய்வதில்லை. இது பின்னால் உதவும், தீபாவளி அறை பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

ஊர்வலம் கரைக்கப் போகும் நாளில் வாக்கிங்கை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

தெரு நாய்களைப் பற்றி ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். எனக்கும் அதே வருத்தம்தான். வீட்டு நாய்க்குக் கட்டிலடி உண்டு, அவற்றுக்குக் காருக்கு அடியும் சாக்கடைப் பாலத்து அடியும்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து, கேட்டைத் தீபாவளி ராத்திரி மட்டும் ஒரு அடி திறந்து வைத்தால் வந்து படுத்துக்கொள்ளும். காலையில் போய்விடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

14 செப்டம்பர்

அறை.

வீட்டின் நடுவில், தெருவைப் பார்க்காத அறையாக இருக்கட்டும். ஆனால் எந்த அறை என்று முடிவு செய்வது நாய். ராக்கி ஏற்கெனவே பாத்ரூமைத் தேர்ந்தெடுத்துவிட்டான். தரை குளிர்ச்சி, ஜன்னல் சின்னது, சுவர் நெருக்கம், அவன் தேர்வு நல்ல தேர்வு. அதையே தயார் செய்யுங்கள். பழைய போர்வை, நீங்கள் உடுத்திய துவைக்காத சட்டை ஒன்று, தண்ணீர்க் கிண்ணம். ஆசிட், பினாயில் பாட்டில்களை வெளியே எடுத்துவிடுங்கள். கதவைச் சாத்திப் பூட்டாதீர்கள். உள்ளே போகவும் வெளியே வரவும் தனக்கு வழி இருக்கிறது என்று தெரிவதே பாதி தைரியம். அடைத்து வைத்த நாய் கதவைப் பிராண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும்.

இன்றிலிருந்தே தினமும் கொஞ்ச நேரம் அங்கே எலும்போ தீனியோ கொடுங்கள். தீபாவளி அன்றைக்கு மட்டும் திறக்கிற அறையாக இருந்தால் அந்த அறையே பயத்தின் அடையாளமாகிவிடும்.

சீரான சத்தம் நல்லது என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான். எக்சாஸ்ட் ஃபேன், வாஷிங் மெஷின், பழைய டேபிள் ஃபேன், எது கிடைத்தாலும் ஓட விடுங்கள். வெடியின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். முழுக்க மறையாது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுபோகும் கேள்வி நாய்க்கு 45,000 வரை போகிறது. ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பும்போதே அது தலையைத் தூக்கிவிடும். ஜன்னலுக்குக் கம்பளியோ மெத்தையோ சாத்தினால் சத்தமும் குறையும், வாணத்தின் வெளிச்சமும் வராது.

காதில் பஞ்சு வைக்கலாமா என்றால், நான் வைப்பதில்லை. ஆழமாகப் போனால் எடுப்பது பாடு. தலையை உதறி உதறி அதற்கு அதுவே ஒரு பதற்றம்.

28 செப்டம்பர்

மருந்து. இதில் தயங்குகிறவர்கள் அதிகம், அதனால் நேராகச் சொல்கிறேன். கேட்டைத் தாண்டி ஓடிய நாய்க்கு மருந்து கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். பயத்தில் முழுக்க மூழ்கிய நாய் எதையும் கற்றுக்கொள்ளாது, ஈரலை மோந்துகூடப் பார்க்காது. மருந்து அந்த உச்சத்தை இறக்கிக் கொடுத்தால்தான் பயிற்சி வேலை செய்ய இடம் கிடைக்கும்.

ஆனால் தூங்க வைப்பது வேறு, பயத்தைக் குறைப்பது வேறு. அசிப்ரோமசின் என்று ஒரு பழைய மயக்க மாத்திரை உண்டு. அதைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு துவண்டு கிடக்கும், ஆனால் பயம் குறையாது. நாய் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், ஓடத்தான் முடியாது. வெளியே இருந்து பார்க்கும் நமக்கு "நிம்மதியாகத் தூங்குது" என்று தோன்றும். மருத்துவர் மாத்திரை எழுதினால், இது தூக்கத்துக்கா, பயத்துக்கா என்று கேளுங்கள். கேட்கிற கேள்விதான், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டிரசோடோன், கேபாபென்டின், ஆல்பிரசோலம் என்று பெயர்கள் காதில் விழும். எல்லாம் மருத்துவர் எடை பார்த்து, ஈரல் சிறுநீரகம் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. வீட்டில் பாட்டிக்கு வாங்கி வைத்த தூக்க மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுப்பது கூடாது. மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருப்பார்கள், அது நாய்க்கு விஷம். பிராந்தி ஊற்றினால் சும்மா கிடக்கும் என்று சொல்லும் பெரிய மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

இன்னொன்று. தீபாவளிக்கு முன்னால் ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள், மருத்துவர் சொன்ன அளவில். சில நாய்களுக்குச் சில மருந்து எதிராக வேலை செய்து பரபரப்பைக் கூட்டும். அது தெரிய வேண்டியது இந்த வாரம், அன்றைக்கு ராத்திரி அல்ல.

12 அக்டோபர்

தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. 2018-இல் உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று சொன்ன பிறகு நம் அரசு வகுத்துக்கொண்ட நேரம் இது. தெருவில் நடப்பது வேறு, எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு விடியும் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே நான்கு மணிக்கே அலாரம் வைத்து, ராக்கியைக் கட்டாயம் கயிற்றோடு வெளியே கூட்டிப் போய் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண் இருக்கட்டும். பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கம், அதற்கு மேல் தளர்ந்தால் பின்வாங்கி உருவிக்கொண்டு ஓடும். நெஞ்சோடு மாட்டும் ஹார்னஸ் இன்னும் நல்லது.

வெடிக்கு ஒலி வரம்பும் உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள்ளே வெடித்தாலும் நாய்க்கு அது பெரிய சத்தம்தான்.

எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா வெடித்தவர்களிடம் இப்போதே போய்ப் பேசுங்கள், தீபாவளி அன்றைக்குப் போய் நின்றால் சண்டைதான் வரும். வெடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டாம். "எங்க ராக்கி போன வருஷம் ஓடிட்டான், சரத்தைத் தெருமுனையில போடுறீங்களா, எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். நேரம் தெரிந்தால் நீங்கள் ஈரலோடு தயாராக இருக்கலாம். பலகாரத் தட்டோடு போனால் பேச்சு சுலபம். எனக்கு வெடிமேல் விரோதம் இல்லை. சிவகாசியிலும் சாத்தூரிலும் எத்தனை குடும்பம் அதை நம்பி இருக்கிறது என்று தெரியும். புஸ்வாணமும் சங்குசக்கரமும் மத்தாப்பும் அங்கிருந்துதானே வருகின்றன?

பலகாரம் என்றதும் நினைவு வந்தது. கேசரி, லட்டு, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது. விருந்தாளிப் பிள்ளைகள் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள், முதலிலேயே சொல்லி வையுங்கள்.

17 அக்டோபர்

வடகிழக்குப் பருவமழை நேற்றே தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். இந்த வருடம் இடியும் வெடியும் ஒன்றாக வரலாம். இடிக்கும் அதே ஈரல், அதே அறை, ஜன்னலை மட்டும் மழை கறுக்கும் போதே மூடிவிடுங்கள்.

20 அக்டோபர், இரவு

இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சீனி கட்டிலடியில் இருக்கிறாள், மூக்கு மட்டும் வெளியே. ஒவ்வொரு வெடிக்கும் என் சட்டைப் பையைப் பார்க்கிறாள். பெரிய அணுகுண்டு ஒன்றுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ஆனாலும் துண்டை வாங்கிக்கொண்டாள். பீரோ பக்கம் போகவே இல்லை.

திருப்பூர்த் தம்பி, முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து, 22 அக்டோபர்

அக்கா, ராக்கி ஓடவில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தோம். காலையில் பாத்ரூமில் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான், எதையும் தின்னவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கோழி தின்றான். எதிர்வீட்டுக்காரர் சரத்தை முனைக்கு எடுத்துப் போய் வெடித்தார், ஏழே காலுக்கு என்று போன் வேறு செய்தார். அப்பாதான் ராக்கி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். குக்கர் விசிலுக்கு இப்போது சமையலறைக்கே வந்து நிற்கிறான். முழுக்க எப்போது சரியாகும்?

22 அக்டோபர், இரவு

அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முழுக்க என்ற வார்த்தையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வெடிக்கிற சத்தத்தில் காலையில் தின்னாதவன் ராத்திரி தின்றிருக்கிறான் என்றால் அது நல்ல நகர்வு. அடுத்த வருடம் காலையிலும் தின்னலாம். சீனிக்கே சில தீபாவளிகள் ஆயின.

இப்போது செய்ய வேண்டியது ஓய்வு. இரண்டு மூன்று நாள் நீண்ட வாக்கிங் வேண்டாம், நிறையத் தூங்கட்டும். பெரிய பயத்துக்குப் பிறகு உடனே பழைய நிலைக்கு வர முடியாத நாய்கள் உண்டு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். தெருவில் கிடக்கும் வெடிக் காகிதத்தையும் வெடிக்காத மிச்சத்தையும் மோந்து பார்க்க விடாதீர்கள், அதில் இருக்கும் பேரியம், நைட்ரேட் உப்புகள் வயிற்றுக்குள் போகக் கூடாது. வாய் வைத்துவிட்டான் என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்புறம் பழையபடி குக்கர், கரண்டி, புல்லட். நிறுத்திவிடாதீர்கள். தீபாவளி போய்விட்டது என்று எல்லோரும் விடுகிற இடம் இதுதான்.

9 நவம்பர்

யாரோ வெடியே இல்லாத ஊர் இருந்தால் நாயோடு போய்விடுவேன் என்று எழுதியிருந்தார். அப்படி ஊர் இருக்கிறது. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில், சிவகங்கை மாவட்டம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை, கண்மாயில் கூடு கட்டி இருக்கும் பறவைகள் கலைந்துவிடக் கூடாதென்று. வனத்துறையினர் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுப்பார்கள். ஈரோட்டில் வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களும் அப்படித்தான். பறவைக்காக ஓர் ஊரே விட்டுக்கொடுக்க முடிகிறது என்றால், நாய்க்காகத் தெருமுனைக்குப் போய் வெடிக்கச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை. ஆனால் அங்கே நாயைக் கூட்டிப் போக வேண்டாம். பறவைகள் இருக்கும் இடம்.

1 டிசம்பர்

நாளை மறுநாள் கார்த்திகை தீபம். தீபாவளியில் மிஞ்சிய வெடிகளெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். பல பேர் மறந்துவிடுவார்கள், அதனால் நினைவுபடுத்துகிறேன். அடுத்து டிசம்பர் 31 நள்ளிரவு. அதற்கும் மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

6 டிசம்பர்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா: ஏழு வாரக் குட்டி வந்திருக்கிறது, இந்தத் தொல்லையே வராமல் வளர்க்க முடியுமா?

உங்களுக்கு நல்ல நேரம், அம்மா. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டியின் மனது எல்லாவற்றுக்கும் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் இதமாகக் கேட்ட சத்தத்துக்குப் பின்னாளில் பயம் வருவது குறைவு. சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது மிக்ஸியை அடுத்த அறையில் ஓட விடுங்கள். விளையாடும்போது ஒரு தட்டைத் தரையில் லேசாக வையுங்கள். மழை பெய்தால் வராந்தாவில் மடியில் வைத்துக்கொண்டு தீனி கொடுங்கள். திடுக்கிட்டால் சத்தத்தைக் குறையுங்கள், சிரித்து வேடிக்கை பார்க்க வேண்டாம். தடுப்பூசி இன்னும் முடியாததால் தெருவில் இறக்கி விடாதீர்கள், தோளில் தூக்கிக்கொண்டு பஸ் போகும் சாலை வரை போய் வாருங்கள். பஸ் ஒன்று போனால் துண்டு ஒன்று. ஏழு வாரக் குட்டிக்கு அவித்த கோழியை இன்னும் பொடியாக நறுக்குங்கள், அரிசி அளவு போதும்.